மதிய உணவுப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்: லண்டன் தமிழ்ப் பெற்றோருக்கும் தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்யும் ஈழத்தமிழ்ப் பெண். வரவுப் பதிவு, சாப்பாட்டுக் கணக்கு, வீடுகளில் இருந்து வரும் படிவங்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். ஒவ்வொரு செப்டம்பரிலும் இலவச மதிய உணவுக்கான படிவத்தை எல்லா வீடுகளுக்கும் அனுப்புகிறோம். மற்றச் சமூகத்துப் பெற்றோர் பலர் அந்தக் கிழமையே நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கட வீடுகளுக்குப் போனவை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பது எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்தும், அந்த வீட்டுப் பிள்ளையின் பெயருக்கு நேரே கட்டம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

“சாப்பாடு எல்லாருக்கும் சும்மாதானே குடுக்கினம், பிறகு என்னத்துக்குப் போம் நிரப்ப வேணும்?” நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். 2014 செப்டம்பரில் இருந்து இங்கிலாந்து முழுவதும் ரிசப்ஷன் (பள்ளியின் முதல் வருடம்), முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் மதிய உணவு இலவசம். 2023 செப்டம்பரில் லண்டன் மேயர் சாதிக் கான் மூன்றாம் வகுப்பில் இருந்து ஆறாம் வகுப்பு வரை படிக்கும் லண்டன் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்கத் தொடங்கினார். எங்கட சனம் நிறைந்திருக்கும் ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்), அதற்குப் பல வருடங்கள் முன்பே ஆரம்பப் பள்ளிகளில் இதைச் செய்துவிட்டது. ஆகவே லண்டனில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் தட்டுக்குச் சாப்பாடு வரப் படிவம் தேவையில்லை. இருப்பவன் யார், இல்லாதவன் யார் என்ற பேச்சே இல்லாமல் பிள்ளைகள் ஒன்றாக இருந்து சாப்பிடுவதைத் தினமும் பார்க்கிறேன். அதை யாரும் ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் அந்தப் படிவத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் வசதி குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறிய, இந்த நாட்டு அரசு வீடு வீடாகப் போய் விசாரிப்பதில்லை. இலவச மதிய உணவுக்கு விண்ணப்பித்து, தகுதி உண்டு என்று பதில் வந்த பிள்ளைகளை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையைத்தான் வறுமையின் அளவாக எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்கு வரும் மேலதிகக் காசு, பரீட்சைப் பெறுபேற்றுப் புள்ளிவிவரம், ‘பின்தங்கிய மாணவர்’ என்று அரச அறிக்கைகள் சொல்லும் கணக்கு எல்லாமே அதில் இருந்துதான் பிறக்கின்றன. உங்கள் பிள்ளை மேயரின் திட்டத்தில் சாப்பிட்டால் அது சாப்பாடு மட்டும்தான். படிவம் இல்லாவிட்டால் அந்தக் கணக்கில் உங்கள் பிள்ளை இல்லை.

2011 இல் தொடங்கிய ‘பியூப்பில் பிரீமியம்’ என்ற மேலதிக நிதியைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025-26 நிதியாண்டில் தகுதியுள்ள ஒவ்வோர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் 1,515 பவுண், இடைநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 1,075 பவுண் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது. உங்கள் கையில் இருந்து ஒரு சதம் போவதில்லை. கடந்த ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது தகுதி பதிவாகியிருந்தால் போதும், அந்தப் பிள்ளை கணக்கில் இருக்கும். முதலாம் வகுப்பில் நீங்கள் நிரப்பும் ஒரு படிவம், பிறகு உங்கள் வருமானம் கூடினாலும், வருடக்கணக்காகப் பள்ளிக்குக் காசு கொண்டுவரும். ஒரு வகுப்பில் ஐந்து பெற்றோர் நிரப்பாமல் விட்டால், அந்தக் கணக்குப்படி வருடத்துக்கு 7,575 பவுண் வராமல் போகிறது. இந்தக் காசில்தான் வாசிப்பில் பின்னுக்கு நிற்கும் நாலைந்து பிள்ளைகளைத் தனியாக இருத்திப் படிப்பிக்க உதவியாசிரியர் வருகிறார். பேச்சுப் பயிற்சி, காலை உணவுக் கழகம், சுற்றுலாவுக்குப் போகும் பஸ் காசு எல்லாம் இதில்தான் நடக்கின்றன. அதற்கு மேல், பள்ளிகளுக்கான பொது நிதிப் பங்கீட்டுச் சூத்திரத்திலும் இதே எண்ணிக்கைக்கு ஒரு பங்கு உண்டு.

போன வருடம் ஒரு தாய் அலுவலக யன்னலுக்கு வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) கணவருக்குச் சிறுநீரக வருத்தம், பெற்றோல் நிலையத்து இரவு வேலையை விட்டுவிட்டார். இவர் ஒரு கடையில் கிழமைக்குப் பத்து மணித்தியாலம் நிற்கிறார். மகன் நாலாம் வகுப்பு. பள்ளிச் சாப்பாடு அவனுக்குப் பிடிக்காது, வீட்டில் இருந்து புட்டுக் கட்டிக்கொண்டு வருவான். பொருட்காட்சிச் சாலைப் பயணத்துக்குக் கட்ட வேண்டிய காசுக்கு இரண்டு கிழமை தவணை கேட்கத்தான் வந்திருந்தார். நான் படிவத்தை நீட்டினேன். “நாங்கள் இன்னும் அந்த நிலைமைக்கு வரேல்லை, தங்கச்சி” என்று சொல்லி அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினேன். அவர் தன் பெயர், பிறந்த திகதி, நாஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கம் (சம்பளம், அரசு உதவிப் பதிவுக்கான இலக்கம்) மூன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். கணினியில் போட்டேன். சில நொடிகளில் பதில் வந்தது. “இப்ப என்ர சம்பளம், அவரின்ர வருத்தம் எல்லாம் உங்களுக்குத் தெரியுமோ?” என்று கேட்டார். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். தகுதி உண்டு என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. எந்தக் கொடுப்பனவு, எவ்வளவு, ஏன் என்று ஒரு விவரமும் பள்ளிக்கு வராது. அரசுத் திணைக்களங்களின் பதிவோடு அந்த இயந்திரமே ஒப்பிட்டு உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். அவர் அந்தத் திரையை இரண்டு தரம் வாசித்தார். “இவ்வளவுதானோ?” என்றார். இவ்வளவுதான். மகன் இன்றைக்கும் புட்டுத்தான் கொண்டு வருகிறான். பள்ளிச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. சைவமோ, மாட்டிறைச்சி விலக்கோ, எதுவானாலும் உங்கள் வழக்கப்படியே இருக்கலாம். பதிவு வேறு, தட்டு வேறு.

இந்த அளவுகோல் சரியானது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. உள்ளே இருந்து வேலை செய்வதால் அவை எனக்கு நன்றாகவே தெரிகின்றன.

யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவிப்பணம்) எடுக்கும் குடும்பம் ஒன்று இலவச உணவுக்குத் தகுதி பெற, அதன் உழைப்பு வருமானம், வரி போக, வருடத்துக்கு 7,400 பவுணைத் தாண்டக் கூடாது என்று 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு கோடு கீறினார்கள். தாய் தகப்பன் இருவர் உழைப்பும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதே காலத்தில் வட அயர்லாந்தில் அந்தக் கோடு 14,000 பவுண். 2018 இல் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.83 பவுண். அந்தச் சம்பளத்தில் ஒருவர் கிழமைக்குப் பதினெட்டு மணித்தியாலம் வேலை செய்தாலும் கோட்டுக்குள் இருக்கலாம். 2025 ஏப்ரலில் சம்பளம் 12.21 பவுண் ஆனது. கோடு அசையவில்லை. அந்தச் சம்பளத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றாலே வெளியே போய்விடுவீர்கள். சம்பளம் கூடியது விலைவாசிக்கு ஈடுகொடுக்க. அந்தக் கூடுதலே ஒரு பிள்ளையை ‘வறுமை இல்லை’ என்ற பக்கம் தள்ளிவிடுகிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2018 ஜனவரியில் இங்கிலாந்து மாணவரில் 13.6 வீதம் பேர் இலவச உணவுக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். 2025 ஜனவரியில் அது 25.7 வீதம். ஏழு வருடத்தில் வறுமை இரட்டிப்பாகிவிட்டது என்று இதை வாசிக்க முடியாது. கொரோனாக் காலமும் விலைவாசியும் ஒரு பகுதி. மறு பகுதி, 2018 இல் இருந்து ஒருதரம் தகுதி பெற்ற பிள்ளையை, வீட்டு வருமானம் கூடினாலும், வெளியே எடுக்காமல் வைத்திருந்த இடைக்காலப் பாதுகாப்பு விதி. உள்ளே வந்தவர் வெளியே போகாததால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஒரு விதியை மாற்றினாலே ‘வறுமை’ ஏறி இறங்கும் என்றால், அந்த எண்ணை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கட வீடுகளில் இருக்கும் கஷ்டத்துக்கு இந்தப் படிவத்தில் இடமே இல்லை. ஹரோவிலோ டூட்டிங்கிலோ மூன்று அறை வீட்டில் இரண்டு குடும்பம் இருந்து வாடகையைப் பகிர்வது தெரியாது. இந்த நாட்டுக்கு வர ஏஜென்சிக்காரனுக்குக் கட்டவென்று பட்ட கடன் பதினைந்து வருடமாகியும் முடியாதது தெரியாது. மாதம் பிறந்தால் வன்னியில் இருக்கும் தாய்க்கும், கணவனை இழந்த தமக்கைக்கும் போகும் காசு தெரியாது. மாதாமாதம் கட்டும் சீட்டும் தெரியாது. இருபதாயிரம் பவுண் உழைக்கும் தகப்பன், மூன்று பிள்ளைகள், லண்டன் வாடகை என்று இருக்கும் வீட்டில் மாதக் கடைசியில் பால் வாங்கவும் யோசிப்பார்கள். கோட்டின்படி அந்த வீட்டில் வறுமை இல்லை. மறுபுறம், கைக்காசாகச் சம்பளம் கொடுக்கும் முதலாளிகளிடம் வேலை செய்பவர்களின் உண்மையான நிலைமையும் கடதாசியில் வராது. அதனால் அவர்களுக்கு நன்மை என்று நினைக்காதீர்கள். ஓய்வூதியமும் இல்லை, சுகவீன விடுப்புச் சம்பளமும் இல்லை. கஷ்டம் வந்தால் கையில் ஓர் ஆதாரமும் இருக்காது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏன் நிரப்பச் சொல்கிறேன்? முடிவெடுக்கும் மேசைகளில் முக்கியமாக இருப்பது இந்த எண்தான். அது குறையுள்ள எண் என்று வாதாடுவதற்கும் நாங்கள் முதலில் அதற்குள் இருக்க வேண்டும். கல்வித் திணைக்களம் வெளியிடும் அட்டவணைகளில் எங்கட பிள்ளைகள் ‘வேறு ஆசியப் பின்னணி’ என்ற பெரிய கூட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். பெறுபேறுகளின் சராசரி நன்றாக இருக்கும். பரிசளிப்பு விழாவில் மேடையேறும் பிள்ளைகளைப் பார்த்து நாங்களும் பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். அந்தச் சராசரிக்குக் கீழே, மேசை இல்லாமல் கட்டிலில் இருந்து வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளையும் இருக்கிறது. வறுமைக் கட்டமும் வெறுமையாக இருந்தால், அந்தப் பிள்ளை இருக்கிறது என்பதற்கு எங்குமே பதிவு இருக்காது.

வெட்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஊரில் எங்கட பெற்றோர் காலத்துப் பள்ளிக்கூடங்களில் பணிஸ் (பன்) கொடுத்தார்கள். வாத்தியாரின் பிள்ளையும் கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டார்கள். யாரும் அதைப் பிச்சை என்று நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் 1982 இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் அதை மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். இங்கே வந்த பிறகுதான், “அதெல்லாம் பெனிபிட்டில் இருக்கிற ஆக்களுக்கு” என்று ஒதுக்குகிறோம். ஒதுக்குபவர்களில் பலர் யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உழைத்தும் போதாத சம்பளம் கொடுப்பவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். ஒரு வேண்டுகோள்: யார் வீட்டுப் பிள்ளை இலவசச் சாப்பாடு, யார் வீட்டுப் பிள்ளை இல்லை என்று கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் வீட்டிலும் கதைப்பதை நிறுத்துங்கள். என் மேசைக்கு வராத படிவங்களில் பாதி அந்தக் கதைக்குப் பயந்துதான் வராமல் போகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெட்கத்தைவிடப் பெரியது விசாப் பயம். “போம் நிரப்பினால் ஹோம் ஒபிசுக்குத் தெரிஞ்சு விசா போயிடுமோ” என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். குடிவரவு விதிகளில் ‘பொது நிதி’ என்று தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலில் பள்ளி மதிய உணவு இல்லை. பொது நிதி எடுக்கக் கூடாது என்று விசாவில் எழுதியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இலவச உணவு உண்டு. கொரோனாக் காலத்தில் தற்காலிகமாகத் தொடங்கியதை 2022 இல் நிரந்தரமாக்கினார்கள். அவர்களுக்கு வருமான வரம்பும் வேறு. அப்போது லண்டனில் ஒரு பிள்ளை உள்ள குடும்பத்துக்கு 31,200 பவுண் வரை என்று வைத்தார்கள். அகதிக் கோரிக்கை வைத்து அரசு உதவியில் இருப்பவர்களும் தகுதியுள்ளவர்களே. இன்னும் தயக்கம் இருந்தால், நிரப்புவதற்கு முன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இனி நீங்கள் எல்லாரும் கவனிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் வகுப்பிலேயே பதினொரு வயதுப் பரீட்சைக்கு டியூஷன் தொடங்குகிறோம். அந்தப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிராமர் பள்ளிகள் பலவற்றில் பியூப்பில் பிரீமியம் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இடைநிலைப் பள்ளிக் காலத்தில் இலவச உணவுக்குத் தகுதி பெற்றிருந்த மாணவர்களுக்கு வழக்கமாகக் கேட்கும் பெறுபேற்றைவிட ஒரு படியோ இரண்டு படியோ குறைத்து இடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. மருத்துவம் படிப்பிக்கும் இடங்களும் அதில் உண்டு. டியூஷனுக்கு மாதம் நூற்றுக்கணக்கில் கொடுக்கும் பெற்றோர், காசில்லாத இந்த ஒரு கடதாசியை விட்டுவிடுகிறார்கள். ஏழாம் வகுப்புக்குப் போனதும் மேயரின் திட்டம் நின்றுவிடும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. டவர் ஹாம்லெட்ஸ் போல இடைநிலைப் பள்ளிக்கும் நீட்டிய கவுன்சிலில் இல்லாவிட்டால், தகுதியும் பதிவாகாவிட்டால், அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் காசு கட்ட வேண்டும். விடுமுறைக் காலத்தில் கவுன்சில் நடத்தும் இலவச விளையாட்டு, உணவு நிகழ்ச்சிகளும் இந்தப் பதிவில் இருக்கும் பிள்ளைகளை முன்வைத்துத்தான் நடக்கின்றன.

2025 ஜூனில் அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. 2026 செப்டம்பரில் இருந்து யூனிவர்சல் கிரெடிட் எடுக்கும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மதிய உணவு இலவசம் என்பதே அது. நான் மனதார வரவேற்கிறேன். இருபதாயிரம் உழைக்கும் அந்தத் தகப்பன் யூனிவர்சல் கிரெடிட் எடுத்தால், அவரின் பிள்ளைகளுக்கு இடைநிலைப் பள்ளியிலும் சாப்பாடு கிடைக்கும். ஆனால் பியூப்பில் பிரீமியம் பழைய 7,400 பவுண் கோட்டிலேயே நிற்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு வரம்பு, கணக்குக்கு ஒரு வரம்பு. “எங்களுக்கு எப்படியும் கிடைக்கும்” என்று சொல்லிப் படிவத்தை இன்னும் அதிகம் பேர் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எந்த வரம்புக்குள் வருகிறீர்கள் என்று நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டாம். நிரப்பிக் கொடுங்கள், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளே, சனிக்கிழமை காலையில் ஒரே மண்டபத்தில் நூறு தமிழ்ப் பெற்றோர் உங்கள் முன்னால் நிற்கிறார்கள். எந்தக் கவுன்சில் அதிகாரிக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. நவராத்திரி நிகழ்ச்சிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் அறிவித்தல் எழுதும் அதே பலகையில் இதற்கும் ஓர் அறிவித்தல் ஒட்டுங்கள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, வாசலில் போடும் மேசையில் அல்ல, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையில், படிவம் நிரப்ப உதவ இரண்டு பேரை இருத்துங்கள். அம்மம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் பெற்றோருக்காக ஒரு பக்கத்தில் தமிழில் விளக்கம் எழுதிக் கொடுங்கள். எழுதித் தர நான் தயார். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடக் கழகம் நடத்தக் கவுன்சிலிடம் உதவி கேட்கப் போகும்போது, ‘உங்கள் சமூகத்தில் தேவை இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்போது கையில் எடுத்துக் காட்ட வேண்டிய எண் இந்தப் படிவங்களில் இருந்துதான் வர வேண்டும்.

கூடவே கவுன்சில்களிடமும் கேளுங்கள். ஷெஃபீல்ட் போன்ற இடங்களில் கவுன்சிலே தன்னிடம் உள்ள விவரங்களைப் பார்த்துத் தகுதியுள்ள பிள்ளைகளைப் பதிந்துவிடுகிறது. வேண்டாம் என்பவர்கள் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். லண்டனிலும் சில கவுன்சில்கள் இதைத் தொடங்கிவிட்டன. உங்கள் கவுன்சிலில் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று எங்கட சங்கங்கள் கடிதம் எழுத வேண்டும். தேர்தல் காலத்தில் வாசலுக்கு வரும் தமிழ்க் கவுன்சிலர்களிடமும் இதைக் கேட்கலாம்.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது இதுதான். நாஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கம், அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர் என்றால் உதவித்தொகைக்கான இலக்கம், உங்கள் பிறந்த திகதி, பிள்ளையின் பெயர். இவற்றோடு பள்ளி அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது கவுன்சில் இணையத்தளத்தில் நீங்களே போடுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். லண்டன் பள்ளிகள் பலவற்றில் உதவியாசிரியராகவோ சாப்பாட்டு மண்டபத்திலோ எங்கட அக்காமார் யாராவது இருப்பார்கள். பியூப்பில் பிரீமியத்துக்கான கணக்கெடுப்பு அக்டோபர் முதல் வியாழக்கிழமை நடக்கும். அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். போன வருடம் தகுதி இல்லை என்று பதில் வந்திருந்தாலும், வேலை போயிருந்தால், மணித்தியாலம் குறைந்திருந்தால், பிரிந்து வாழ்ந்தால், திரும்பவும் போடுங்கள்.

அன்புடன்,
லண்டன் ஆரம்பப் பள்ளி ஒன்றின் அலுவலக ஊழியர்